நீங்கள் பூட்டி வைத்த ஆறு அறைகள்

என் கையைப் பிடித்து முதல் நாள் பள்ளிக்கூடம் கூட்டிப்போன அண்ணனுக்கு,

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் தலைத் திவசம். பத்திரிகையில் உங்கள் படத்தைப் போட்டு, கீழே நாலு வரிக் கவிதை போட்டு, பிரிவால் வாடுகிறவர்கள் என்று குடும்பத்தார் பெயர்களை வரிசையாக அச்சடிப்பார்கள். அந்த வரிசையில் என் பெயர் இருக்குமா என்று தெரியவில்லை. அண்ணி என்னோடு பேசி நாலு மாதம் ஆகிறது. அதனால்தான் அதே பத்திரிகையில் எனக்கென்று தனியாக ஓர் இடம் கேட்டு வாங்கி இதை எழுதுகிறேன். இதில் கவிதை இல்லை அண்ணே. கோபம்தான் இருக்கிறது.

நீங்கள் யார் என்பதை இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் கிளார்க் வேலை பார்த்தவர். அப்பா செத்தபோது எனக்கு ஏழு வயது, உங்களுக்குப் பத்தொன்பது. படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போய் என்னை வளர்த்தீர்கள், படிக்க வைத்தீர்கள், கட்டிக் கொடுத்தீர்கள். டவுனில் சூலியா தெருவுக்குப் பின்னால் இருக்கிற நம் தமிழ்ப்பள்ளிக்கு இருபது வருஷத்துக்கு மேல் வாரியத் தலைவராக இருந்தீர்கள். உங்கள் சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: பள்ளியைக் காப்பாற்றிய மனுஷன்.

யாரிடமிருந்து காப்பாற்றினீர்கள் அண்ணே?

பள்ளியின் இன்றைய நிலையைச் சொல்கிறேன், கேளுங்கள். மொத்தம் பதினாலு பிள்ளைகள். ஒன்றாம் ஆண்டில் இந்த வருஷம் ஒரே ஒரு பெண் பிள்ளை. கீழ்த்தளத்தில் இருக்கிற அறைகளில் இரண்டிரண்டு ஆண்டுகளைச் சேர்த்து உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். மேல்மாடியில் ஆறு அறை. ஆறும் பூட்டு. சுற்றிலும் நம் ஆட்கள் குடியிருந்த வீடுகள் தங்கும் விடுதியாகவும் காப்பிக் கடையாகவும் மாறிவிட்டன. சுற்றுப்பயணிகள் நம் பள்ளியின் பச்சை ஜன்னல்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கட்டடம் ரொம்பப் பிடித்திருக்கிறது. உங்களைப் போலவே.

என் மகள் கவிதாவுக்கு நாலு வயது இருக்கும்போது கல்வி இலாகாவிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. டவுனில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். விமான நிலையம் இருக்கிற பாயான் லெப்பாஸ் பக்கம் பள்ளிகளில் இடமில்லாமல் திணறுகிறார்கள். பள்ளியை அங்கே மாற்றிக்கொள்ளலாம், நிலம் இருக்கிறது, இரண்டு வருஷத்தில் கட்டி முடிக்கலாம், வாரியம் சம்மதித்தால் போதும். இவ்வளவுதான் அதில் இருந்தது. எனக்கு அப்போது இது தெரியாது. நீங்கள் என்னிடம் சொன்னது வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபைலோடு பாயான் லெப்பாஸில் என் பிளாட்டுக்கு வந்தீர்கள். நான் ஷிப்ட் முடிந்து வந்து அப்போதுதான் குளித்திருந்தேன். பள்ளியை மூடப் பார்க்கிறார்கள், பழைய மாணவர்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குகிறேன் என்றீர்கள். டீ போட்டுக் கொடுத்தேன். நீங்கள் அதைக் குடித்து முடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என்னை வளர்த்தவர் நீட்டுகிற தாளைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பத்து நிமிஷ நடையில் என் மகளுக்கு வரவேண்டிய பள்ளிக்கூடத்தை வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கவிதாவை எங்கள் பக்கத்தில் இருந்த இன்னொரு தமிழ்ப்பள்ளியில் சேர்த்தேன். அங்கே அறை பற்றவில்லை. இரண்டாம் ஆண்டைக் கேண்டீனில் வைத்தார்கள். நடுவில் நாலு அலமாரி. இந்தப் பக்கம் ஒரு வகுப்பு, அந்தப் பக்கம் ஒரு வகுப்பு. பின்னால் சட்டியில் மீ கோரேங் பிரட்டுகிற சத்தம், தட்டு கழுவுகிற சத்தம். விமானம் தாழப் பறந்தால் ஆசிரியை பேச்சை நிறுத்திவிட்டு, அது போகிற வரை காத்திருப்பார். மழை நாளில் தகரக் கூரை போடுகிற சத்தத்தில் பாடமே நடக்காது. புத்தகத்தைப் பார்த்து எழுதச் சொல்லிவிடுவார்கள். மூன்றாம் ஆண்டுக்கும் அதே கேண்டீன்தான்.

கவிதா படிக்கவில்லை. ஒன்பது வயதில் ஒரு பக்கத்தை ஒழுங்காக வாசிக்கத் தெரியாது. மந்தம் என்றார்கள். நானும் நம்பினேன். ரோத்தான் பிரம்பு எடுத்து அடித்தேன் அண்ணே. அவள் கால் பின்பக்கம் கோடுகோடாய்ச் சிவந்திருக்கும்; அடுத்த நாள் நீளப் பாவாடை போட்டுவிட்டு அனுப்புவேன்.

அவளுக்கு இடது காது கேட்கவில்லை என்று கண்டுபிடித்தது யார்? நீங்கள்தான். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி. அந்த வருஷத் தீபாவளிக்கு உங்கள் வீட்டு ஹாலில் முறுக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். அவள் திரும்பவில்லை. பக்கம் மாறி நின்று, குரலைக் கூட்டி, குறைத்து, மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டுப் பார்த்தீர்கள். பிறகு என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போனீர்கள்.

“வசந்தி, பிள்ள மந்தமில்ல. அவளுக்குக் காது கேக்கல.”

அந்த வாரமே லீவு போட்டு நீங்களே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனீர்கள். வலது காதும் பாதிதான் என்றார் டாக்டர். காதுக்குக் கருவி வைக்கலாம், ஆனால் அமைதியான அறையில் முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும், அப்படி வைத்தால் இந்தப் பிள்ளை நன்றாகப் படிக்கும் என்றார்.

அமைதியான அறை. அந்த வார்த்தையை நீங்களும்தானே கேட்டீர்கள்?

அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் எனக்கு அந்தக் கடிதத்தைப் பற்றித் தெரிந்தது. கவிதா பள்ளியில் பெற்றோர் கூட்டம். டவுன் பள்ளி ஒன்று இங்கே வந்திருக்க வேண்டியது, அதன் தலைவர் ஊரெல்லாம் கையெழுத்து வாங்கித் தடுத்துவிட்டார் என்று ஒருவர் எழுந்து திட்டினார். அந்தத் தலைவரின் தங்கை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது காரில் உங்களிடம் கேட்டேன். இலாகாவுக்கு மறுபடி எழுதுங்கள், பள்ளியை இந்தப் பக்கம் மாற்ற இப்போதாவது சம்மதம் சொல்லுங்கள் என்று கேட்டேன். கவிதா பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கட்டடத்த விட்டா, டவுன்ல தமிழன் இருந்தான்னு சொல்ல என்ன இருக்கு? விட்டா போச்சு லா. மண்ணு திரும்பி வராது” என்றீர்கள். கொஞ்ச தூரம் போனதும், “வேணும்னா பிள்ளைய என் வீட்டுல விடு. நம்ம பள்ளியிலயே படிக்கட்டும்” என்றீர்கள்.

உதவி என்று நினைத்துத்தான் சொன்னீர்கள். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. அம்மாவிடமிருந்து பிரித்து, குறைந்துபோன உங்கள் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டப் பார்க்கிறீர்கள் என்றுதான் பட்டது. நான் அவளை அனுப்பவில்லை.

ஒரு பிள்ளையின் காதை அவ்வளவு உன்னிப்பாகக் கவனித்த மனுஷன், அதே கேண்டீனில் உட்கார்ந்திருந்த மற்ற பிள்ளைகளை ஏன் நினைத்துப் பார்க்கவில்லை? அவர்கள் உங்கள் தங்கை பெற்ற பிள்ளைகள் இல்லை என்பதாலா? இதை நீங்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்க நினைத்து வருவேன். நீங்கள் தட்டில் இன்னும் கொஞ்சம் கறி போடுவீர்கள். சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

நீங்கள் போன ஏழாம் மாதம் வாரியச் செயலாளர் போன் செய்தார். மேல்மாடியில் நடு அறைக்கு உங்கள் பெயர் வைக்கப் போகிறார்களாம், பெயர்ப்பலகையை நான் திறந்து வைக்க வேண்டுமாம். அன்றைக்கே கூட்டமும் உண்டு என்றார். இலாகா மறுபடியும் கேட்டிருக்கிறது, இந்த முறையும் முடியாது என்று தீர்மானம் போடப் போகிறோம், அண்ணன் ஆசை அதுதானே, நீங்களும் இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார்.

நான் ஒரு மணி நேரம் முன்னாலேயே போனேன். தலைமையாசிரியை இளம் பெண். கடலுக்கு அந்தப் பக்கம் பாகான் டாலாமிலிருந்து தினமும் பெர்ரி ஏறி வருகிறவர். மாடியைப் பார்க்க வேண்டும் என்றதும் தயங்கினார். பலகைத் தரையைக் கறையான் அரித்திருக்கிறது, பிள்ளைகளை மேலே விடுவதே இல்லை, வாரியத்துக்கு மூன்று முறை எழுதியும் பார்க்கலாம் என்றுதான் பதில் வந்தது என்றார். அந்தப் பதில்களில் இரண்டில் உங்கள் கையெழுத்து இருந்தது.

முதல் அறையில் கூரைப் பலகை விழுந்து கிடந்தது. தரையெல்லாம் புறா எச்சம். உங்கள் பெயர் வைக்கப் போகிற நடு அறையை மட்டும் கூட்டிக் கழுவி வைத்திருந்தார்கள். அதற்கு அடுத்த அறையைத் திறந்தால், சுவரோடு சுவராக மேசைகளும் நாற்காலிகளும். புதுசு. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பழைய மாணவர்கள் வாங்கிக் கொடுத்தது என்றார் தலைமையாசிரியை. பிள்ளைகள் கூடும்போது வேண்டியிருக்கும் என்று நீங்கள் உள்ளே வைத்துப் பூட்டச் சொன்னீர்களாம். அவர் இந்தப் பள்ளிக்கு வருவதற்கும் முன்னால்.

ஒரு நாற்காலியின் உறையைக் கிழித்து அதில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. உங்கள் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. நெருப்பில் போட்டுவிட்டு வந்த ஆளை எங்கே போய் உலுக்குவது?

கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். அண்ணி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பலகையை நான் திறக்க மாட்டேன் என்று முதலிலேயே சொன்னேன். பிறகு சொன்னது இதுதான். என் வாயால் சொன்னதை நீங்கள் என் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

“எங்க அண்ணன் நல்லவரு. ஆனா இதுல அவரு செஞ்சது தப்பு. அந்தத் தப்புல என் கையெழுத்தும் இருக்கு. பிள்ளைங்க அங்க இருக்காங்க, அறை இங்க இருக்கு. பள்ளிய பிள்ளைங்க கிட்ட அனுப்பிடுங்க.”

செத்தவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று ஒருவர் கேட்டார். உயிரோடு இருக்கும்போது பேசாததுதான் என் தப்பு என்றேன். அண்ணி எழுந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு நிமிஷம் நின்றார்.

“அவரு உன்ன வளத்ததுக்கு இதானா வசந்தி?”

கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

அதன் பிறகு தலைமையாசிரியை எழுந்தார். நீளமாகப் பேசவில்லை. ஒன்றாம் ஆண்டில் இருக்கிற அந்தப் பிள்ளை, என்னோடு விளையாட எப்போது ஆள் வரும் டீச்சர் என்று தினமும் கேட்கிறாள், நான் என்ன சொல்லட்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். கை தூக்கச் சொன்னார்கள். வாரியத்தில் ஒன்பது பேர். மாற்றலாம் என்று ஐந்து கை. வேண்டாம் என்று நாலு. உங்கள் பெயர்ப்பலகை துணி மூடியபடியே செயலாளர் வீட்டுக்குப் போய்விட்டது.

சம்மதக் கடிதம் இலாகாவுக்குப் போனது. எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் நிலத்தை அளந்து குச்சி நட்டிருக்கிறார்கள். கட்டி முடிய எத்தனை வருஷமோ. மேசை நாற்காலிகளை மட்டும் லாரியில் ஏற்றி, கவிதா படித்த பள்ளிக்கு அனுப்பிவிட்டோம். அங்கே இப்போது கேண்டீனில் வகுப்பு இல்லை, நூலகத்தில் நடக்கிறது. அதைத்தான் முன்னேற்றம் என்கிறார்கள்.

கவிதாவுக்கு இருபத்துநாலு ஆகிறது. காதில் கருவியோடு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கிறாள். கூட்டத்தில் நடந்ததைச் சொன்னபோது என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். மாமாவை எல்லார் முன்னாலும் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்மா என்றாள். உங்கள் சாவில் அவள்தான் ரொம்ப அழுதவள். ரோத்தான் எடுத்தவள் நான், காதைப் பார்த்தவர் நீங்கள். அவள் கணக்கு அப்படி இருக்கிறது. அதில் நான் தலையிட முடியாது.

காலியாகப் போகிற நம் கட்டடத்தை விடுதி நடத்துகிற ஒருவர் இப்போதே வந்து பார்த்துவிட்டுப் போனாராம். நீங்கள் பயந்தது நடந்தாலும் நடக்கும். நடந்தால், பழி என் மேல் விழட்டும். ஆனால் அந்தப் பயத்தைச் சுமக்க எட்டு வயதுப் பிள்ளைகளை ஏன் விட்டீர்கள்? நீங்களும் நானும் சுமந்திருக்க வேண்டியது அது.

திவசத்துக்கு அண்ணி இதுவரை கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டாலும் வருவேன். வாசலிலேயே நிறுத்தினால் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவேன். என்னை வளர்த்த கடனை இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வராது. அதற்காகக் கோபம் குறைந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். புதுப் பள்ளி திறக்கிற அன்றைக்கு மாலையும் மேடையும் எனக்கு வேண்டாம். அடுத்த வாரம், சாதாரணமாக வகுப்பு நடக்கிற ஒரு நாளில் போவேன். ஒவ்வொரு அறையாகப் பார்ப்பேன். பிள்ளைகள் உட்கார வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது இருந்தால், அதற்குக் காரணமானவர் எனக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி, அங்கேயே நின்று அவர் முகத்துக்கு நேராகக் கேட்பேன். அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்பேன்.

இப்படிக்கு,
நீங்கள் வளர்த்த, உங்களோடு சண்டை இன்னும் முடியாத
ஒரே தங்கை, வசந்தி