லான் கடைச் சூப்பும் உங்கள் தூள் போத்தலும்

அன்பு மச்சாள்,

சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டால் சிரிப்பீர்கள். இருந்தாலும் கேட்கிறேன். நாங்கள் சுகம். உங்கள் மகள் கார் ஓட்டும் பரீட்சையில் தேறிவிட்டாள். ஹவுகன்ஸ்டுவாக் குடியிருப்பில் உங்கள் யன்னலுக்கு நேரே காரை விட்டுவிட்டு, வேறு யாரையும் அந்த இடத்தில் நிறுத்த விடுகிறாளில்லை. அப்படியே உங்கள் குணம். நீங்கள் போன அந்தக் கோடையிலேயே சட்டம் வந்து, சாப்பாட்டுக் கடைகளுக்குள் இப்போது யாரும் சிகரெட் பிடிப்பதில்லை. புகை, புகை என்று மூக்கைச் சுளித்தபடி சாப்பிட்ட உங்களுக்கு இது கிடைக்கவில்லையே என்று எனக்குக் கோபம்.

எங்கள் வெளிச்சாப்பாடு சீனக் கடையில்தானே தொடங்கியது? பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு, குளிருக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனோம். மாவில் தோய்த்துப் பொரித்த கோழி, மேலே சிவப்பாக இனிப்புக் குழம்பு. ஒரு வாய் வைத்துவிட்டு, "இது சீனச் சாப்பாடு இல்லை மச்சாள், நோர்வேக்காரருக்குச் செய்த பத்தியம்" என்றீர்கள். கைப்பையிலிருந்து ஒரு குட்டிப் போத்தல் வெளியே வந்தது. வீட்டில் வறுத்து அரைத்த மிளகாய்த்தூள். கடைக்காரர் திரும்பி நின்ற நேரமாகப் பார்த்துத் தூவினீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு நானும் கேட்டு வாங்கினேன்.

அடுத்த தெருவில் லானின் வியட்நாம் கடையைக் கண்டுபிடித்ததும் நீங்கள்தான். சுவரில் ஒரு சின்னத் தட்டு, அதில் செத்தவர்களின் படம், தோடம்பழம், ஊதுபத்தி. "எங்கடை ஆக்களின்ரை கடை மாதிரிக் கிடக்கு. இஞ்சையே இருப்பம்" என்றீர்கள். மாடு வேண்டாம், கோழி என்று லானிடம் சொல்லி வைத்தீர்கள். அதற்குப் பிறகு சனிக்கிழமை என்றாலே நூடுல்ஸ் சூப்புத்தான்.

வீட்டில் கதைக்க முடியாததையெல்லாம் அங்கே கதைத்தோம். உங்கள் வருத்தத்தைப் பற்றி வைத்தியர் சொன்னதையும் முதலில் அந்த மேசையில்தான் சொன்னீர்கள். நான் அழத் தொடங்க, "சூப்பு ஆறுது. நீர் பேசாமல் குடியும்" என்றீர்கள். குடித்தேன்.

உங்கள் எட்டுச்செலவுக்கு, நீங்கள் கண்மூடிய எட்டாம் நாள் படையலுக்கு, உங்களுக்குப் பிடித்ததை வைக்க வேண்டுமல்லவா? உங்கள் தம்பி, அதுதான் என்ரை அவர், "அக்காவுக்கு ஒடியல் கூழ் எண்டால் உயிர்" என்று நின்றார். யாழ்ப்பாணத்தில் சின்ன வயதில் கண்ட அக்காதான் அவருக்கு அக்கா. நீங்கள் அந்தப் பனங்கிழங்கு மாக் கூழைத் தொட்டே எவ்வளவு காலம்! லான் கடைச் சூப்பு வைப்போம் என்றேன்.

"சூப்பை இலையிலை என்னெண்டு ஊத்துறது?"

"கோப்பையிலை வைப்பம்."

"அது மாட்டெலும்பு அவிச்ச தண்ணியெல்லோ?"

"கோழி எண்டு சொல்லித்தான் மச்சாள் குடிச்சவ."

"அப்ப கேட்டுக்கொண்டு வாரும். கோழியெண்டால் வைப்பம். மாடெண்டால் என்ரை அக்காவின்ரை இலைக்குக் கிட்டவும் வரக்கூடாது."

போனேன். நீங்கள் இல்லை என்று சொன்னதும் லான் கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நோர்வேஜிய மொழியில் விஷயத்தைக் கேட்டேன்.

"மேலே போடுவதுதான் கோழி. தண்ணீர் எப்போதும் மாட்டெலும்புதான்" என்றாள். "அவளுக்குத் தெரியும். ஒருநாள் கேட்டாள், சொன்னேன். கொஞ்ச நேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, என்னோடு வருகிறவளுக்குச் சொல்லாதே, அவள் வராமல் விட்டால் நான் யாரோடு சாப்பிடுவது என்றாள்."

மச்சாள், எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வெள்ளிக்கிழமை விரதம் பிடித்துவிட்டு மறுநாள் மாட்டுச் சாறு குடித்திருக்கிறேன், அதுவும் தெரியாமல்! நேரே சொல்லியிருந்தால் நான் வராமல் விட்டிருப்பேனா? விட்டிருப்பேன். அதுதான் உண்மை. அது உங்களுக்கும் தெரிந்திருக்கிறது. சூப்பை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வீடு வரும்வரை அழுதேன்.

"என்னவாம்?" என்றார் வாசலிலேயே.

"கோழியாம்" என்றேன்.

இலைக்குப் பக்கத்தில் சூப்புக் கோப்பை, அதற்குப் பக்கத்தில் அவருடைய கூழ். படைத்து முடிந்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டபோது, அவர் சூப்பில் ஒரு கரண்டி எடுத்தார். பிறகு இன்னொன்று. "அக்காவுக்கு வாய் ருசி தெரியும்" என்றார். வந்த சனிக்கிழமை நான் கேட்காமலே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அன்றிலிருந்து உங்கள் கதிரையில் அவர்தான் இருக்கிறார்.

போன கிழமை குசினிக் கதவு திறந்து கிடந்தது. லான் பானைக்குள் இருந்து எலும்புகளைத் தூக்கி வெளியே வைத்தாள். கோழிக்கு அவ்வளவு பெரிய எலும்பு எந்த ஊரிலும் கிடையாது. அவர் கண்டுவிட்டார். எலும்பைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எழும்பிப் போகப் போகிறார் என்று நினைத்து நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கோப்பையைக் கிட்ட இழுத்தார்.

"அக்காவின்ரை தூளைக் கொஞ்சம் தாரும்" என்றார்.

அந்தப் போத்தல் இப்போது என் கைப்பையில்தான் இருக்கிறது, மச்சாள். அதை முடிய விடமாட்டேன். உங்கள் தம்பியைத் தனியே சாப்பிடவும் விடமாட்டேன்.

உங்களோடு ஒரே பானைச் சூப்புக் குடித்த,
தம்பி பெண்சாதி