உன் தாலி என் முந்தானையில் இருந்த நேரம்

அக்கா,

இன்றைக்குத் திண்டிவனம் மார்க்கெட்டில் பூக்காரி, புதுசாக நனைத்த மஞ்சள் கயிற்றுக் கத்தையை என்னிடம் நீட்டிவிட்டுச் சில்லறை தேடினாள். அந்த ஈர வாசனையில் கத்தையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "இன்னா ஆயா, ஜுரமா?" என்றாள். ஜுரமில்லை, உன் நினைப்பு.

நீ உன் தாலியை என் கையில் கொடுத்தது, என் பேத்தி மூளையைப் படம் பிடிக்கிற ஆராய்ச்சியில் சேர்ந்த வருஷம். அஞ்சாவதோடு நின்றவள் வீட்டில் இப்படி ஒருத்தி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேனே. வயசான பெண்களைப் படம் பிடிக்கணும், விழுப்புரம் வரணும் என்று நம்ம பெருமுக்கல்லில் ஆள் கேட்டாள். உடம்பில் பொட்டு உலோகம் இருக்கக்கூடாதாம். தாலியைக் கழற்றணும் என்றதும் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. போனதெல்லாம் என்னைப் போலப் புருஷனை இழந்தவர்கள்தான்.

"இதை வெச்சு ஊருப் பொம்பளைங்க மூளையே இப்படித்தான்னு எழுதினா பொய்யாயிடும் ஆயா," என்று பேத்தி சோர்ந்து உட்கார்ந்தாள்.

"கணக்குல சரிக்கட்ட முடியாதாடி?" என்று கேட்டது நீதான்.

"தாலி போட்டவங்கள்ல கொஞ்சப் பேர் வந்தாங்கன்னா, வராதவங்களுக்கும் சேர்த்து அவங்களைக் கூடுதலா மதிப்புப் போட்டுக்கலாம். ஒருத்தருமே வரலன்னா எதுக்கு மதிப்புப் போடுறது?"

கேப்பை புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாய். "நான் வர்றேன். என்னைப் பார்த்து நாலு பேரு வருவாளுங்க." வீட்டில் உன் புருஷன், மாமா, மூச்சிழுப்போடு படுத்திருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஸ்கேன் அறை வாசலில் மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றைக் கட்டிக்கொண்டு தாலியைக் கழற்றினாய். நர்ஸம்மா நீட்டிய தட்டில் போடவில்லை, என்னிடம் நீட்டினாய்.

"ஐயோ, நான் தொடக்கூடாது அக்கா."

"தொட்டா கடிக்குமா? புடி ஜல்தி."

முந்தானையில் முடிந்துகொண்டேன். உள்ளே மிஷின் தடதடவென்று இடித்தது. மாமாவுக்கு ஏதாவது ஆனால் ஊர் என் கையைத்தானே சொல்லும்? அந்த நேரம் பார்த்துப் பேத்தியின் போன் அடித்தது. உங்கள் வீட்டிலிருந்து. எடுக்காதே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உதறிவிட்டு எடுத்தாள்.

மாமாதான், வாய் நிறைய வேர்க்கடலையோடு. "வேவிச்ச மல்லாட்டையில உப்பே இல்ல. உப்பு டப்பா எங்கன்னு கேளு!"

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெளியே வந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "அவரு இருக்காரா?"

"உப்பு கேக்குறாரு."

"இந்த மனுஷனோட பேஜாரு. என் மூளையைப் பிரிச்சுப் பார்த்தா உப்பு டப்பாதான் இருக்கும்."

நீ சொன்னபடியே மற்றவர்களும் மஞ்சள் கிழங்கோடு வந்தார்கள். பேத்தியின் கணக்கு நேரானது.

ஆனால் அடுத்த மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். மாமா இருக்கிறார். நான் தொட்டது அவரை விட்டுவிட்டு உன்னைப் பிடித்ததோ என்று இன்னும் தூக்கம் கெடுகிறது. பேத்தி திட்டுகிறாள்: "ஒருத்தரை வெச்சு முடிவு கட்டுவியா ஆயா?"

அடுத்த மாசம் அவளுக்குக் கல்யாணம். தாலித் தட்டைச் சபையில் எல்லோரும் தொட்டு ஆசீர்வதிப்பார்களே, அதை முதலில் நான்தான் தொடணும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். பயமாக இருக்கிறது அக்கா. அன்றைக்கு என்னிடம் கொடுத்தபோது உன் விரல்களும் சில்லிட்டுத்தான் இருந்தன. ஆனாலும் கொடுத்தாய்.

தொடுவேன்.