கருப்புப் பொட்டு வைத்த டம்ளர்

மார்ச் 3, செவ்வாய்

தேநீர் இடைவேளைக்குப் போனால் காகிதக் கோப்பைப் பெட்டியைக் காணோம். தண்ணீர் பாட்டில்கள் அடுக்கியிருந்த மூலையும் காலி. அங்கே ஒரு கம்பித் தட்டு, அதில் எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாகத் தலைகீழாக நிற்கின்றன.

எல்லாம் புதுப்பெண்ணின் வேலை. எங்கள் தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்துக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. தகுதிகாண் காலம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. இந்தச் சமயம் பார்த்து ஊரைத் திருத்த ஆசை வந்திருக்கிறது.

"ஆளுக்கு ஒண்ணு மேடம். அடியில நகப்பூச்சுல பொட்டு வெச்சிருக்கேன், மாறாது. காகிதக் கோப்பைன்னு பேரு, உள்ள பூசியிருக்கிறது பிளாஸ்டிக்தானே?"

எனக்கே வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள்.

மேலாளருக்குச் சிவப்பு. தட்டச்சர் அம்மாவுக்கு ரோஜா நிறம். மாதிரி எடுக்கப் போகிற ஓட்டுநருக்குப் பச்சை. அவளுக்கு மஞ்சள். எனக்குக் கருப்பு.

ஏன் கருப்பு?

நான் எப்போதும்போல வீட்டிலிருந்து கொண்டுபோன குடுவையிலேயே குடித்தேன். மூடிதான் எனக்குக் கோப்பை. அதை வேறு யாரும் தொட்டதில்லை, தொடவும் விடமாட்டேன். டம்ளர் அங்கேயே இருக்கட்டும்.

மார்ச் 5, வியாழன்

கம்பித் தட்டுக்கு மேல் சுவரில் ஒரு ஆணி. அதில் அவள் கையெழுத்தில் ஒரு அட்டை: "துடைக்க வேண்டாம். கவிழ்த்து வைத்தால் தானே காயும்."

சோம்பலுக்கும் ஒரு கொள்கை வேண்டியிருக்கிறது இந்தக் காலத்தில். மதியம் பார்த்தேன், டம்ளர் உள்ளே நீர்த்துளி. கிருமிக்கு ஈரத்தைப் போல உறவு கிடையாது என்று பாடம் நடத்தியிருக்கிறேன் நான். வீட்டிலிருந்து ஒரு பருத்தித் துண்டை எடுத்துப்போய் அதே ஆணியில் மாட்டினேன். அட்டை அதன் பின்னால் போய்விட்டது. அதற்கு நான் என்ன செய்ய?

"மேடம்... துணி வேணாமேன்னு பார்த்தேன்."

"ஈரத்துல குடிக்கச் சொல்றீங்களா?"

சரி என்று தலையாட்டினாள். முகத்தில் மட்டும் ஏதோ ஓடியது. இப்படிப்பட்ட பணிவை நான் நம்புவதில்லை.

மார்ச் 6, வெள்ளி

"நம்ம நீலத் துண்டு எங்க?" என்றார் இவர். ஆபீஸுக்குத் தானம் செய்தாயிற்று என்றேன். "நீயா? தானமா?" என்று சிரிக்கிறார்.

மார்ச் 11, புதன்

இன்று அடுத்த அத்தியாயம். கிருமி வளர்க்கிற தட்டுகளையும் மாற்ற வேண்டுமாம். நாங்கள் ஒருமுறை பயன்படுத்திவிட்டு எறிகிற பிளாஸ்டிக் தட்டுகளுக்குப் பதிலாகப் பழைய கண்ணாடித் தட்டுகள். அலமாரியில் தூங்குகின்றனவாம், கொதியாவியில் வைத்து எடுத்தால் போதுமாம்.

நான் படித்த காலத்தில் கண்ணாடித் தட்டுதான். விளிம்பு உடைந்து விரலைக் கிழித்த கதையெல்லாம் இவளுக்கு யார் சொல்வது?

மேலாளர் தலையாட்டிக்கொண்டே கேட்கிறார். அடுத்த வருடம் அவர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு அடுத்து இருப்பது நான். நேற்று வந்தவள் அவர் கண்ணில் படுகிற மாதிரி ஏன் இத்தனை நல்லவளாக இருக்க வேண்டும்? எவரும் சும்மா நல்லவராக இருப்பதில்லை. நான் பார்த்ததில்லை.

ஓட்டுநர் அவளுக்கு "எவர்சில்வர்" என்று பெயர் வைத்துவிட்டார். "எவர்சில்வரு, என் பச்சை டம்ளரு எங்கம்மா? பார்த்தாத்தான் எனக்குத் தாகமே எடுக்குது!" எல்லோரும் சிரித்தார்கள். அவளும்.

இன்னொன்றும் கவனித்தேன். மாலையில் எல்லா டம்ளரையும் அவளே தொட்டியில் பஞ்சுச் சுரண்டியால் தேய்த்துக் கழுவிக் கவிழ்க்கிறாள். என் கருப்பையும் சேர்த்து. நான் தொடவே இல்லை, அதை எதற்குக் கழுவ வேண்டும்? நான் குடிக்கவில்லை என்பதைத் தினம் நாலு பேருக்குக் காட்டுவதற்கா?

மார்ச் 17, செவ்வாய்

கை துடைக்கிற காகிதச் சுருள் தீர்ந்து நாலைந்து நாள் ஆகிறதாம். யாரும் புதிது கேட்கவே இல்லை. துண்டு இருக்கிறதே! தேநீருக்கு முதலில் வருகிறவர் புழக்கத்தில் இருக்கிற டம்ளர்களை எல்லாம் அதிலேயே துடைத்தும் வைத்துவிடுகிறார். கோஷமும் இல்லை, பொட்டும் இல்லை, ஒரு பழந்துணி எத்தனை காகிதத்தை மிச்சப்படுத்திவிட்டது. மேலாளரிடம் போகிறபோக்கில் சொல்லிவைத்தேன். என் குடுவை மூடியையும் இப்போது அதில்தான் துடைக்கிறேன்.

மார்ச் 20, வெள்ளி

வயிறு சரியில்லை. வெளியில் எதுவும் சாப்பிடவில்லை. இருமுறை விடுப்பு எழுத நினைத்து, எழுதாமல் போனேன்.

மார்ச் 23, திங்கள்

தட்டச்சர் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். வாந்தி, பேதி. கையில் குளுக்கோஸ் ஏறுகிறது. ஓட்டுநரும் சனிக்கிழமையிலிருந்து படுத்திருந்து இன்றுதான் வந்தார், கன்னம் ஒட்டிப்போய். "எவர்சில்வரு, உன் டம்ளரு என்னைக் கழுவி ஊத்திடுச்சும்மா." இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

மேலாளர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஊருக்கே தண்ணி நல்லதா கெட்டதான்னு சொல்ற இடம் இது. இங்கயே ஆளுங்க வாந்தி எடுத்தா வெளிய தலைகாட்ட முடியுமா?" அவளைப் பார்த்தே பேசினார். பிறகு என்னிடம், "நீங்க சோதிச்சுப் பாருங்க. டம்ளர்தான்னா டம்ளர்தான்னு எழுதுங்க. இந்தம்மாவோட நிரந்தரக் கோப்பு என் மேசையிலதான் இருக்கு. உங்க அறிக்கை வந்தப்புறம்தான் அதுல நான் கையெழுத்து போடறதா வேணாமாங்கறது."

வெளியே வந்ததும் அவள் சொன்னாள், "நீங்க தட்டு வெச்சுப் பாருங்க மேடம். தட்டு சொல்லட்டும்."

எதற்கு இந்தத் தைரியம்? குற்றம் செய்தவள் இப்படிப் பேசமாட்டாள். அல்லது நன்றாகத் தேர்ந்தவள்தான் இப்படிப் பேசுவாள்.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம் என்பதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

மார்ச் 24, செவ்வாய்

காலைத் தேநீர் முடிந்து எல்லோரும் நகர்ந்ததும் போனேன். பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு டம்ளரின் விளிம்பையும் தடவித் தட்டில் இழுத்தேன். சிவப்பு, ரோஜா, பச்சை, மஞ்சள். கருப்பையும் விடவில்லை. அவள் கையால் கழுவியது, அது ஒன்று போதும் கெட்டிருக்க.

ஒப்பீட்டுக்குச் சுத்தமான பொருள் ஒன்று வேண்டுமே. என் குடுவை மூடியை வைத்தேன். அந்தத் தொட்டிப்பக்கமே போகாதது, அந்தப் பஞ்சுச் சுரண்டி படாதது, வீட்டில் நானே கழுவுவது. இதைவிட நல்ல கன்ட்ரோல் எங்கே கிடைக்கும்?

தட்டுகள் இன்குபேட்டரில். பிளாஸ்டிக் தட்டுகள்தான். அவள் பார்த்தாள்.

மாலை இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "உனக்குப் பிடிக்காதது டம்ளரா, அந்தப் பொண்ணா?" என்றார். எழுந்து போய் அடுப்பைத் துடைத்தேன். துடைத்திருந்த அடுப்பை.

மார்ச் 25, புதன்

சிவப்பு, ரோஜா, பச்சை, மஞ்சள் நான்கு தட்டிலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள். வாடிக்கையாகச் சாக்கடை கலந்த தண்ணீரில் நாங்கள் பார்க்கிற அதே சாதி. அப்பாடா என்று இருந்தது.

பிறகு கருப்பு. ஒன்றுமில்லை. துடைத்துவிட்ட ஜன்னல் மாதிரி.

பிறகு என் மூடி.

பச்சைத் தட்டைவிட மோசம். எண்ணவே முடியாமல் அப்பிக் கிடக்கிறது.

பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேனோ என்று மறுபடி பார்த்தேன். இல்லை. அவள் ஏதாவது செய்திருப்பாளா? இன்குபேட்டர் சாவி என் கைப்பையில் இருந்தது. அது அவளிடம் போக வழியே இல்லை. பின்னே எப்படி? யாரும் தொடாதது கெட்டிருக்கிறது, அவள் கழுவியது சுத்தமாக இருக்கிறது. தலைகீழாக இருக்கிறதே எல்லாம்!

ஒரு வழி இருக்கிறது. கருப்பையும் மூடியையும் விட்டுவிட்டு மற்ற நான்கை மட்டும் எழுதலாம். நான்கும் உண்மைதான். யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியும். கன்ட்ரோல் கெட்டால் சோதனையே கெட்டது. கல்லூரியில் முதல் வருடமே சொல்லிக்கொடுக்கிற விஷயம். அப்படி வந்த அறிக்கைகளை நானே முகத்தில் அடித்த மாதிரி திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் எப்படி என் மூடியில்?

மார்ச் 26, வியாழன்

பல் தேய்க்கும்போது பிடிபட்டது. முகத்தைத் துடைக்கத் துண்டைத் தேடினேன் — கையில் வந்தது புதுத் துண்டு, நீலத்தின் இடத்தில் இவர் வாங்கி வைத்தது — அப்படியே நின்றுவிட்டேன்.

ஐயோ.

கருப்பு டம்ளரில் யாரும் குடிக்கவில்லை. குடிக்காததால் யாரும் துடைக்கவில்லை. அதே தொட்டி, அதே தண்ணீர், அதே சுரண்டி, அதே கை. துண்டு மட்டும்தான் படவில்லை. என் மூடி அந்தத் தொட்டியைப் பார்த்ததே இல்லை. துண்டு மட்டும்தான் பட்டது.

ஆபீஸில் போய் உட்கார்ந்து வேலை செய்கிற பாவனையில் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தரைக்கு ஓட்டுநர் வந்தார். ஆற்றிலும் வடிகாலிலும் மாதிரி எடுத்த பாட்டில்களை இறக்கிவைத்தார். தொட்டியில் கையை நனைத்தார், நல்ல பிள்ளையாக. சோப்பு இல்லை. துண்டில் அழுத்தித் துடைத்தார். பச்சை டம்ளரை எடுத்து, அதே துண்டால் உள்ளே ஒரு சுழற்றுச் சுழற்றி, தேநீர் ஊற்றினார்.

அவரைத் திட்ட வாய் வரவில்லை. முன்பு அங்கே காகிதச் சுருள் இருந்தது. துடைத்த காகிதம் அப்போதே குப்பைக்குப் போகும். அந்த இடத்தில் ஒரே ஈரத் துணியை மாட்டி, இதுதான் சிக்கனம் என்று மேலாளர்வரை சொல்லிவைத்தது யார்? கிருமிக்கு உறவு ஈரம் என்று பாடம் நடத்தியவள்தானே? தினம் அத்தனை பேர் கையும் படுகிற துணி காயுமா என்று ஒரு நிமிடம் யோசித்தேனா? ஊரில் எல்லோர்மேலும் சந்தேகம். என் துண்டுமேல் மட்டும் வரவில்லை.

கையுறை போட்டுத் துண்டைக் கழற்றி, பஞ்சுக் குச்சியால் தடவி ஒரு தட்டில் இழுத்துவிட்டுப் பையில் போட்டேன். சுவரில் அட்டை அப்படியே இருந்தது.

துடைக்க வேண்டாம்.

மார்ச் 27, வெள்ளி

துண்டின் தட்டை எழுதவே வேண்டாம். தட்டு முழுக்க ஒரே நிறம்.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"சந்தேகம்தான் மேடம்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"முதல் நாளே சொன்னேன்." பிறகு, "அப்புறம் வேலை மாட்டிக்கிச்சு. உங்க துண்டு மேல பழி போட்டுத் தப்பிச்சிட்டான்னு சொல்வீங்க. தட்டு சொன்னா நம்புவீங்கன்னு தெரியும்."

சொல்லியிருப்பேன். கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன்.

"எனக்கும் போன வாரம் வயிறு சரியில்ல," என்றேன். இதை ஏன் அவளிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. இவரிடம்கூடச் சொல்லவில்லை.

"எனக்கும்தான் மேடம். சொன்னா டம்ளர்னுடுவாங்கன்னு வாயைத் திறக்கல."

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரே அறையில் இருந்திருக்கிறோம், ஆளுக்கொரு காரணத்தோடு.

மார்ச் 30, திங்கள்

அறிக்கை கொடுத்தேன். மேலாளர் படித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி படித்தார்.

"துணின்னு எழுதினாப் போதாதா? யார் கொண்டுவந்ததுங்கற வரி எதுக்கு? உங்களுக்கு நல்லதில்ல. அடுத்த வருஷம் இந்த நாற்காலி பத்தி மேல கேப்பாங்க. இதையும் எடுத்து வெச்சுப் பார்ப்பாங்க."

"மாதிரி எங்கேருந்து வந்ததுன்னு இல்லாத அறிக்கை செல்லாது சார்."

"பிடிவாதம்," என்றார். ஆனால் அதைத் திருப்பித் தரவில்லை. பக்கத்திலிருந்த அவள் நிரந்தரக் கோப்பைத் திறந்து, என் முன்னாலேயே கையெழுத்துப் போட்டார்.

மாலையில் தட்டச்சர் அம்மா வீட்டுக்குப் போனேன். சொன்னேன். அவர், "உங்க துண்டா? நான் பாவம், அந்தப் பொண்ணைல்ல மனசுக்குள்ள திட்டிக்கிட்டுக் கிடந்தேன்," என்றார். என்னை இனிமேல் திட்டுவார். திட்டட்டும்.

ஏப்ரல் 1, புதன்

இவரிடம் துண்டின் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "குடுவையைக் கொடு, நான் கொதிக்க வெக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் 13, திங்கள்

தட்டச்சர் அம்மா வேலைக்கு வந்துவிட்டார். கை துடைக்க ஆளுக்கொரு சின்னத் துணி, மாலையில் அவரவர் வீட்டுக்குப் போய்த் துவைத்து வர வேண்டும். தொட்டியில் சோப்பு. ஓட்டுநர் இப்போது சோப்புப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கி எல்லோருக்கும் காட்டுகிறார், அறுவைச் சிகிச்சைக்குப் போகிற டாக்டர் மாதிரி. கண்ணாடித் தட்டுகளில் முதல் தொகுதியைக் கொதியாவியில் வைத்திருக்கிறோம். விளிம்பு உடைந்தவற்றை நான்தான் பிரித்தெடுத்தேன். அதை அவளிடம் விட முடியாது.

இன்று குடுவையை வீட்டிலேயே விட்டுப் போனேன்.

தேநீர் நேரத்தில் கம்பித் தட்டிலிருந்து கருப்புப் பொட்டை எடுத்தேன். அவள் பார்க்காத மாதிரி இருந்தாள். எனக்குத்தான் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எனக்கு மட்டும் ஏன் கருப்பு?"

விழித்தாள். "அது... என் தங்கச்சியோட நகப்பூச்சு மேடம். எல்லாருக்கும் வெச்சு முடிச்சப்ப வீட்டுல அதுதான் மிச்சம் இருந்துச்சு. ஏன் மேடம், பிடிக்கலையா?"

நம்பலாம் என்றுதான் தோன்றுகிறது. இருந்தாலும், டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தேநீர் ஊற்றிக்கொண்டேன்.