திருத்தாத அருவிச் சத்தம்

அம்மா,

பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டதும் நீ வந்துவிட்டாய். மற்றவர்களுக்கு அது ஆஸ்பத்திரி வாசனை. எனக்கு உன் விரல்களின் வாசனை. வீடியோ கேம் கேசட்டின் முனைகளை நீ துடைப்பாயே, அப்படியே இன்று நானும் துடைத்தேன். சின்ன வயதில் எல்லாப் பிள்ளைகளையும் போல அதை நான் வாயால் ஊதியபோது கையில் ஒரு தட்டு தட்டினாய். "ஊதாதட்டி, எச்சி பட்டா துருப்பிடிக்கும். அதுக்கென்ன காய்ச்சலா, மந்திரிச்சு ஊதுத?"

ஹெட்போன் மாட்டிக்கொண்டு, நீ சத்தம் அமைத்த அந்த கேமில் அருவி வருகிற கட்டத்தை மட்டும் கேட்டேன். இப்போது உனக்கு எழுதுகிறேன். டூட்டி முடிந்து வந்த அப்பா அடுத்த அறையில் படுத்திருக்கிறார். நாளைக் காலை என்னைப் பிளஸ் ஒன் சேர்க்கப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார். பயாலஜி குரூப் என்று அவரும் அத்தையும் முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு வேண்டியது கம்ப்யூட்டர் சயின்ஸ். அதை இன்னும் நான் வாய் திறந்து சொல்லவில்லை. அப்பா அடிக்கிறவர் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் அவர் குரல் உயர்ந்தாலே எனக்குப் பயம்.

சாப்பிடும்போது அத்தை ஆரம்பித்தாள். "கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர்னு நிக்காத. பெங்களூர்ல உக்காந்து உங்கம்மா என்னத்தக் கண்டா? டொய்ங் டொய்ங்னு கேமுக்குச் சத்தம் போட்டா. கம்பெனிய மூடுனதும் பொட்டியத் தூக்கிட்டு இங்கன வந்தா."

அப்பா ரசத்தைப் பிசைந்துகொண்டே, "படிப்புன்னா சோறு போடணும்லா" என்றார்.

நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்பெனியை மூடினால் அது உன் குற்றமா? தறிக்கூடத்தை மூடினால் நெய்தவரையா குறை சொல்வார்கள்?

டொய்ங் டொய்ங். அந்தக் கால கேம் மெஷினால் ஒரே நேரத்தில் நாலைந்து சத்தம்தான் எழுப்ப முடியும், ஒவ்வொன்றும் ஒரு குரல் என்று நீ சொல்லியிருக்கிறாய். பாட்டு ஓடும்போது கேமில் யாராவது சுட்டால், வெடிச் சத்தத்துக்கு இடம் விட்டுப் பாட்டின் ஒரு குரல் வாயை மூட வேண்டும். எந்தக் குரல் மூடுவது, எப்போது திரும்புவது என்று அந்த மெஷினுக்குச் சொல்லும் புரோகிராமை எழுதியவள் நீ.

"அந்தக் குரல் பாவம்லாம்மா?" என்று கேட்டேன்.

"பாவம் என்னட்டி பாவம். வாய மூடுனாலும் உள்ளுக்குள்ள தாளத்த எண்ணிக்கிட்டேதான் இருக்கும். வெடி முடிஞ்சதும், பாட்டு எங்கன போயிருக்கோ அங்கன போய்ச் சேந்துக்கிடும்."

முதலில் நீ எழுதியதில் அது விட்ட இடத்திலிருந்தே தொடங்கியதாம். ஒரு துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு பாட்டு முழுக்கக் கோணிப்போய், ஆபீஸே சிரித்ததாம். சொல்லும்போது நீயும் சிரித்தாய்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது ஒரு சாரல் நாளில் குற்றாலம் போனோம். மெயினருவியில் பெண்கள் பக்கம் அத்தனை கூட்டம். நீ தலையில் எண்ணெயோடு, தண்ணீருக்குள் போகாமல் கண்ணை மூடி நின்றாய். பின்னால் நின்ற ஒரு அக்கா உன் தோளைத் தள்ளினாள். "ஏம்மா, குளிச்சா குளி, இல்லன்னா வழிய விடு."

"ஒரு நிமிசம் மைனி. கேட்டுக்கிடுதேன்."

"என்னத்த?"

"இந்தச் சத்தத்தத்தான்."

"கேக்கவா வந்த? அப்போ அந்தச் சீயக்காய இங்கன குடு."

கொடுத்துவிட்டாய். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் திடீரென்று பெருகியது. போலீஸ் விசில் ஊதிக் கூட்டத்தை விரட்டியது. எல்லோரும் அலறிக்கொண்டு ஓட, நீ மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தாய். "கேட்டியாட்டி? இப்படி எழும்புததத்தான் தப்புன்னாங்க."

திரும்பும் பஸ்ஸில் முழுக்கதையையும் சொன்னாய். கேமில் வரும் அருவிக்கு நீ போட்ட சத்தம் நடுநடுவே பெருகித் தணிந்தது. கேமுக்கு ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள்: இரைச்சல் சீராக இல்லை, பிழை, திருத்தவும். மேனேஜரும் திருத்தச் சொல்லி உன் நாற்காலிக்குப் பின்னாலேயே வந்து நின்றார். "அவன் குழாயடியில பொறந்தவன் போல, அருவியவே பாத்ததில்ல" என்றாய் என்னிடம். வெளிநாட்டுக்காரர்களுக்கு நீ எழுதியது ஒரே வரி: இது பிழை இல்லை. ஒன்றையும் மாற்றாமல் மறுபடி அனுப்பினாய். மறுபடி வந்தது. மறுபடி அனுப்பினாய். கடைசியில் அவர்கள்தான் சலித்துப்போய் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

கேம் முடிந்ததும் ஓடுகிற பெயர்களில் அந்த மேனேஜர் இருக்கிறார். நீ இல்லை. ஆனால் அருவி உன்னுடையது. எந்த நாட்டில் யார் விளையாடினாலும் அது நம் ஊர்த் தண்ணீர் மாதிரிதான் விழுகிறது. இதை அத்தையிடம் சொன்னால் அவளுக்குப் புரியாது. புரியாவிட்டாலும் பரவாயில்லை.

நீ இறந்து ஒரு சாரல் காலம் கழிந்து, அடுத்த சாரலும் வந்துவிட்டது. உன் காது எனக்கு வாய்த்திருக்கிறதா, தெரியவில்லை. இந்தப் பயம் மட்டும் நிச்சயமாக உன்னிடமிருந்து வந்ததில்லை. ஆனால் திருத்து என்றவர்களிடம் அதையே திரும்ப நீட்டினாயே, அந்தப் பிடிவாதம் என்னிடம் இருக்கிறது. அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

அப்பா இருமுகிறார். எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார். மற்ற நாளாக இருந்தால் விளக்கை அணைத்துப் போர்வைக்குள் போயிருப்பேன். இன்று அணைக்கவில்லை. "ஏட்டி, இன்னும் தூங்கலியா?" என்று கேட்பார். கதவைத் திறந்து, எனக்குப் பயாலஜி வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். குரல் நடுங்கும். நடுங்கட்டும். காலை வரை இதை நான் வைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.