டார்லாவுக்காக ஒரு ஜெபம்

பைன் கேப், ஓக்லஹோமா
அக்டோபர் 14

அன்பு மகள் டார்லாவுக்கு,

நேற்று சர்ச்சில் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது நான்தான். எதற்குச் சொன்னேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. நீ போனை எடுக்கவில்லை. அதற்குள் உன் காதுக்கு வந்திருக்கும். அதனால்தான் இந்தக் கோழிக்கிறுக்கல்.

ஜெபக் குறிப்பு கேட்டபோது எழுந்து, "எம் பொண்ணு மாநிலச் சட்டசபைக்கு நிக்கிறா, அவளுக்காக ஜெபம் பண்ணுங்க" என்றேன். பெருமைதான், வேறென்ன. பாஸ்டர் மேப்ரி என்னை முன்னால் அழைத்தார். எல்லாரும் சூழ்ந்து என் தோளில் கை வைத்தார்கள். காலையில் உன் அம்மா பொரித்த பன்றிக்கறி தின்ற மயக்கத்தில் எனக்குக் கண் சொக்கியது.

பாஸ்டர் ஜெபித்தார்: "ஆண்டவரே, மகள் டார்லாவின் கண்ணைத் திறந்தருளும். கருவிலே பிள்ளைகளைக் கொல்லுகிற கூட்டத்திலிருந்து அவளை மீட்டருளும். இந்தத் தேர்தலில் அவளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பும்."

பாஸ்டரின் குரல் தாழ்ந்தால் ஆமென் சொல்ல என் வாய் தானாகத் திறக்கும். அறுபது வருஷப் பழக்கம்.

வாசலில் அவரைப் பிடித்து, இது நியாயமா என்று கேட்டேன். அதற்கு அவர், "யாருக்கு ஓட்டுப் போடணும்னு நான் சொன்னேனா பிரதர்? சபையில அப்படிச் சொன்னா, சபைக்கு அரசாங்கம் குடுக்குற வரிச்சலுகை போயிரும். ஜெபந்தானே பண்ணுனேன். ஆமென் சொன்னது நீங்க!" என்று சிரித்தார்.

கோபம் தணிந்ததும் எழுது.

உன் அப்பா,
வெர்லின்

துல்சா ரோடு
அக்டோபர் 22

அப்பாவுக்கு,

உங்கள் ஆமென் இங்கே எல்லார் போனிலும் ஓடுகிறது. யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். எதிராளி அதை விளம்பரமாகவே போட்டுவிட்டார்: "பெத்த அப்பாவே வேண்டாங்கிறார்!"

நான் ஏன் நிற்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். கரு கலைந்து ரத்தம் போய்க்கொண்டிருந்த லீட்டாவை, கருக்கலைப்புத் தடைச் சட்டத்துக்குப் பயந்து டாக்டர்கள் காக்க வைத்தார்கள். காய்ச்சல் ஏறினால்தான் தொடுவார்களாம். ஏறியபோது நேரம் கடந்துவிட்டது. நர்ஸாக அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். அவளும் உங்கள் சபைதானே. சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தீர்களே அப்பா.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வருகிற ஞாயிறு அதே இடத்தில் எழுந்து, "என் ஓட்டு என் மகளுக்கு" என்று சொல்லுங்கள். அதனால் நான் ஜெயித்துவிட மாட்டேன். எனக்கு அது வேண்டும், அவ்வளவுதான்.

டார்லா

பைன் கேப்
நவம்பர் 7

அன்பு மகளே,

நீ தோற்றதை வானொலியில் கேட்டேன். உன் எதிராளியின் வெற்றிக் கூட்டத்தில் பாஸ்டர்தான் நன்றி ஜெபம் சொன்னாராம்.

அந்த ஞாயிறு நான் எழுந்தேன், டார்லா. எழுந்தது நிஜம். உன் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க. நாளைக்கு நம்மள அடக்கம் பண்ண வேற யாரு வருவா?" சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "சொல்லுங்க பிரதர்" என்றார் பாஸ்டர்.

"என் முழங்காலுக்காக ஜெபம் பண்ணுங்க" என்றேன்.

பண்ணினார்கள். உருக்கமாகவே பண்ணினார்கள். முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. அன்றிலிருந்து சபையார் பார்க்கும்போதெல்லாம் நொண்டி நடக்கிறேன். எனக்கு அது வேண்டியதுதான்.

ஓட்டு உனக்குத்தான் போட்டேன். வாக்குச்சாவடி மறைப்புக்குள்ளே நான் பெரிய வீரன்.

கிறிஸ்துமஸுக்கு வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. ஆனால் அன்றைக்கு எழுந்து நின்றபோது நெஞ்சுக்குள் வந்த வார்த்தை நீ கேட்டது கூட இல்லை. அதைவிடச் சின்னது. உனக்காவது எழுதிவிடுகிறேன்:

"பாஸ்டர், அவ சொல்றதுதான் சரி."

அப்பா