கொசோரிச் வீட்டுப் புனிதர்

அக்டோபர் 21
தளபதி கொசோரிச் அந்தக் காலத்தில் கோயிலுக்குக் கொடுத்த புனிதர் படம், சுத்தம் செய்ய என்னிடம் வந்தது. புகைக்கறையை இன்று முழுதாக எடுத்துவிட்டேன். குதிரையும் ஈட்டியும் தெரிந்தபோதே ஜார்ஜ் என்று புரிந்துவிட்டது. அடியில் எழுத்து: "என் முன்னோர் கும்பிட்ட ஜார்ஜுக்கு."

நாங்களும் கொசோரிச்தான்; ஆனால் தகப்பன்வழியாக வரும் எங்கள் குடும்பப் புனிதரோ நிக்கோலா. பேர் ஒன்றாக இருந்தாலும் புனிதர் வேறென்றால் ரத்தம் வேறு. இங்கே அதற்கு மேல் பேச்சில்லை. அப்பாவோ தளபதி, பிஷப், ஊர் முதல் வைத்தியர் என்று அத்தனை கொசோரிச்சும் நம் ஆட்கள் என்று வாழ்நாளெல்லாம் சொல்லிவருகிறார். அடுத்த மாதம் தளபதி சிலையைத் திறக்கப்போவதும் அவர்தான். வாரிசாம்!

அக்டோபர் 22
படத்தைத் துணி சுற்றி அருங்காட்சியகப் பின்னறையில் வைத்துவிட்டேன். இன்னும் வேலை இருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

நவம்பர் 14
அப்பா சிலையைத் திறந்துவிட்டார். "பாத்தியா ஸ்தாமெனா, மூக்கு அப்படியே என் மூக்கு!" என்றார். நானும் சிரித்தேன் — என்ன பிறவி நான்?

டிசம்பர் 19
எங்கள் நிக்கோலா விருந்து. அழைக்காமலே ஆட்கள் வரும் நாள். பேப்பரில் அப்பாவைப் பார்த்துவிட்டு மலையூரிலிருந்து ஒரு பஸ் டிரைவர் வந்தார். திஹோமிர் கொசோரிச்.

அப்பாவுக்குச் சிரிப்பு. "கொசோரிச்சா? அப்ப இன்னிக்கு உனக்கும் நிக்கோலாவாச்சே! உன் வீட்டுல மெழுகுவத்தி ஏத்தாம இங்க மீன் தின்ன வந்துட்டியே, வெக்கமாயில்ல?"

"எங்களுக்கு ஜார்ஜ்ங்க, பெரியவரே. மே மாசம். தளபதி எங்க வீட்டு ஆளுன்னு தாத்தா சொல்வாரு. கோயிலுக்கு ஜார்ஜ் படம் குடுத்தாராமே? யாரு கண்டா! நல்ல நாளும் அதுவுமா அது எதுக்கு, விடுங்க."

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். "நீ துடைக்கிற படத்துல இருக்கறது யாரும்மா?"

"இன்னும் தெளியலப்பா."

பாவி. எரிகிற மெழுகுவத்திக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டேன். நாக்கு எப்படிக் கூசாமல் போனது எனக்கு?

ஏப்ரல் 20
பாதிரியார் படத்தை வாங்கிப்போய்க் கோயிலில் மாட்டிவிட்டார். அப்பா பூசைக்குப் போய் ஜார்ஜைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

மே 6
ஜார்ஜ் நாள். விடிந்ததும் அப்பா கோட்டை மாட்டிக்கொண்டு, "கிளம்பு" என்றார். மலையூர் பஸ்ஸில் ஏறினோம்.

திஹோமிரின் மனைவி வாசலில் வந்து யாரென்று கேட்டாள்.

"லுபிசாவ்" என்றார் அப்பா. ஊரெல்லாம் மார்தட்டிய கொசோரிச் என்ற பேரைச் சேர்க்கவேயில்லை. "தளபதி வீட்டு விருந்துக்கு வந்திருக்கோம்."

திஹோமிர் ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அவள் விருந்தாளிக்குக் கொடுக்கும் இனிப்புக் கோதுமைத் தட்டை, வயதில் மூத்தவர் என்று, முதலில் அப்பாவிடம் நீட்டினாள்.

அவர் தட்டை என் பக்கம் தள்ளினார். "இவளுக்கு முதல்ல குடும்மா. எங்க வீட்டுல இவளுக்குத்தான் முதல்ல தெரியும்."