மீன் எண்ணெய்க்குப் பரிகாரம்

காஞ்சிபுரம்
24-11-1999

செல்வன் உதயகுமாருக்கு அம்மா எழுதறது. ஏகாம்பரநாதர் புண்ணியத்துல நாங்க சௌக்கியமா இருக்கறோம், நீயும் படிக்கப் போன ஊர்க் குளிர்ல காதை மூடிக்கினு சௌக்கியமா இருக்கணும். இங்க விடாத மழை, தாமல் ஏரி ரொம்பிடுச்சாம், தெருவுல பாவு நூலை நீட்டிக் கட்ட முடியலை, தறியில இருக்கற புடவையை மட்டும் அப்பா நெய்துக்கினு இருக்கார். ஞாயித்துக்கிழமை உன் தங்கச்சி சங்கீதா தலையில மாவிளக்கு வச்சிக்கினு கச்சபேஸ்வரரைச் சுத்தி வந்தா, அப்படி ஒரு கூட்டம்.

உன் கடுதாசியை அவதான் படிச்சா. ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுவோட தோல் பாஸ்போலிப்பிட்னு ஒரு கொழுப்பாம், நாம தின்ற எண்ணெய் கொஞ்ச நாள்ல அங்க போய் உக்காந்துடுமாம், நல்லெண்ணெய்க்காரனுக்கு ஒரு மாதிரி மீன் தின்றவனுக்கு வேற மாதிரியாம், எனக்கே புரிஞ்சிடுச்சு போ. பொறந்ததுலேருந்து மீன் தொடாத ஆளை உன் புரொபசர் தேடினார்னு நீயே கையை நீட்டி ரத்தம் குடுத்து மீன் எண்ணெய் மாத்திரையும் முழுங்கறியாம், அது வரைக்கும் சரிப்பா. சிவபூஜை பண்ற வீட்டுப் பிள்ளை முழுங்கிட்டோமேன்னு பரிகாரமா திங்கக்கிழமைதோறும் பட்டினி கிடக்கறியே, அதை அவர்கிட்ட மறைச்சியே, உன்னை என்ன பண்றது? மாத்திரை முடியற வரைக்கும் வழக்கமான சாப்பாட்டை மாத்தவே கூடாதுன்னு அவர் முதல்லயே சொல்லியிருக்கார். இப்ப அளவெல்லாம் ஏறுமாறா வந்து, மாத்திரையால மாறிச்சா பட்டினியால மாறிச்சான்னு தெரியாம அந்த மனுஷன் மண்டையை உடைச்சிக்கினு இருக்கார், நீ பக்கத்துல ஊமை மாதிரி நிக்கற. சொன்னா ஆராய்ச்சியை விட்டே தூக்கிடுவார்னு பயமாம். தூக்கினா தூக்கட்டும், பொய்யை வச்சு வாங்கற பட்டத்தை எந்தச் சுவத்துல மாட்டப்போற? ஆனா தூக்க மாட்டார், நீ வேணா பாரு. திட்டுவார், வாங்கிக்கோ. புதுசா ரத்தம் எடுத்து முதல்லேருந்து பண்ணு, உன்னால ஆகும், எனக்கு அதுல துளி சந்தேகம் இல்லை.

வந்தா பூஜை அறைக்குள்ள அப்பா விடுவாரான்னு கேட்டிருந்தே. நான் பயந்துக்கினேதான் அவர்கிட்ட சொன்னேன். தீட்சை வாங்கினது நான், அவன் இல்லை, படிப்புக்காக முழுங்கின மாத்திரைக்கு எந்த சாமி பரிகாரம் கேட்டதுன்னு ஒரு சத்தம் போட்டார், தாராளமா உள்ள வரட்டும்னார். அதோட விட்டார்னு பார்த்தா முந்தாநாள் கார்த்திகை சோமவாரம், பகல் பூரா விரதம் இருந்துட்டு ராத்திரி சாப்பிடறவர், இலையைப் போட்டா வேணாம்னுட்டார். ஏன்னு கேட்டா, பகல் விரதம் எனக்கு, ராத்திரி விரதம் பையனுக்கு, அவன் பங்கை இனிமே நானே இருந்துக்கறேன், அவனை அங்க வயிறாரச் சாப்பிடச் சொல்லுன்றார். எவ்வளவோ கெஞ்சிட்டேன், சங்கீதா அழுதுகூடப் பார்த்துட்டா, மனுஷன் அசையலை. புரொபசர்கிட்ட சொல்லிட்டேன், திங்கக்கிழமை சாப்பிட்டேன்னு நீ எழுதி, அதை உன் கையெழுத்துல பார்த்தாத்தான் திங்கக்கிழமை ராத்திரி சாப்பிடுவாராம்.

தீர்க்காயுசா, நல்ல பேரோட இரு கண்ணா. இந்தக் கடுதாசி கிடைச்ச அன்னிக்கே போய்ச் சொல்லிடு, சொல்லிட்டு சாப்பிடு, சாப்பிட்டுட்டு எழுது. அடுத்த திங்கக்கிழமையும் நான் அவருக்கு இலை போடத்தான் போறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
ஏலவார்குழலி பஞ்சாட்சரம்